வெயிலில் நிறுத்திய வண்டி

டிசம்பர் 3, செவ்வாய்

டாக்டர் சொல்லிவிட்டார். "ஆவுடையப்பன், கோவம் வந்தா யார்ட்டயும் கத்தாதீங்க. ஒரு நோட்டுல எழுதுங்க. ரெண்டு மாசம் கழிச்சு பிரஷர் பாப்போம்." எனக்குக் கோபம் வருவதே இப்படி வேலையற்ற யோசனை சொல்கிற ஆட்களால்தான். ஆனாலும் கோமதி அன்றைக்கே கடைக்குப் போய் நோட்டு வாங்கி வந்துவிட்டாள். முப்பது வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள் இல்லையா, இருந்ததிலேயே தடித்த நோட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் விஷயம் இந்த நோட்டில் வராது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். போனவள் போனவள்தான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி இன்றைய கோபம். என் தொழில் ஐஸ்பெட்டி வாடகைக்கு விடுவது. சாவு வீட்டில் பிள்ளைகள் வந்து சேரும் வரை உடலை வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. போன வருஷம் ஒரு வீட்டில் கரண்ட் போய்ப் பெட்டி அணைந்துவிட்டது. அணைந்த பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நான் வாங்கிய ஏச்சு இந்த ஜென்மத்துக்குப் போதும். மறுமாசமே பெட்டியை ஏற்றிப் போகிற வண்டியின் கூரையில் இரண்டு சோலார் தகடு மாட்டினேன். பின்னால் இரண்டு பெரிய பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். வெயில் இருந்தால் போதும், எந்தக் காட்டிலும் என் பெட்டி ஓடும். இன்ஜின் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

வெயில் வேண்டுமென்றால் வண்டி வெயிலில் நிற்க வேண்டும். எங்கள் தெருவில் வெயில் விழுவது எதிர்வீட்டு வாசலில் மட்டும். எதிர்வீட்டுக்காரர் இன்று வந்து நிற்கிறார். "அண்ணாச்சி, மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. சாவு வண்டிய வாசல்ல நிறுத்தாதீங்க, பாத்துக்கிடுங்க." இவர் அப்பா போனபோது விடியுமுன்னே முதல் போன் எனக்குத்தான் வந்தது. அன்றைக்கு இது சாவு வண்டியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 4, புதன்

இன்று மூன்று தடவை கோபம். மூன்றுமே நியாயமானவை.

டிசம்பர் 6, வெள்ளி

காலையில் ஏணி போட்டு ஏறித் தகடுகளைத் துடைத்தேன். காக்கைகளுக்கு ஊரில் வேறு இடமே இல்லை. அப்புறம் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். அந்தப் பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கோமதி போனில் பேசிக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். ராங் நம்பர் என்றாள். எந்த ஊரில் ராங் நம்பரைப் பார்த்து "சாப்பிட்டியளா, இருமல் நின்னுட்டா" என்று கேட்பார்கள்?

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்கு வேலை இருந்தது. யாருக்கு இருமல் என்றும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை.

டிசம்பர் 11, புதன்

மழை. காற்று. தெருவில் முருங்கை மரம் முறிந்து விழுந்தது. கரண்ட் இல்லை. பேட்டரி நிறைந்துதான் இருக்கிறது. விளக்கு போடக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ரோஷக்காரர்.

டிசம்பர் 12, வியாழன்

மேலக்கரிசலில் இருந்து விடிகாலையில் போன். ரைஸ்மில் ராமசுப்பு இறந்துவிட்டார். பெரிய மனிதர், பெரிய வீடு. போன் செய்தது மகன் திருமலைக்குமார். "அண்ணாச்சி, ஒங்க வண்டில சோலார் இருக்காம்லா, அத கொண்டாங்க. இங்க போஸ்ட் மரமெல்லாம் விழுந்து கெடக்கு. கரண்ட் எப்பம் வரும்னே தெரியல."

வழி நெடுகத் தண்ணீர். போய்ச் சேர்ந்து, பந்தலுக்குள் பெட்டியை வைத்து, பெரியவரைக் கிடத்தி, வண்டியில் இருந்து வயர் இழுத்து ஓட விட்டேன். பெட்டி கிர்ரென்று கிளம்பியதும் அழுது கொண்டிருந்தவர்களே ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த நிமிஷம் எனக்குப் பிடிக்கும். பொய் சொல்வானேன்.

அப்புறம் திருமலைக்குமாரைத் தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், யார் வர வேண்டும் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். அதைப் பொறுத்துத்தான் நான் பேட்டரியைப் பார்த்துச் செலவு செய்ய முடியும்.

"யாரும் வரவேண்டியதில்ல. நாளைக்கு மழை விட்டதும் எடுத்திருவோம்" என்றான்.

அவன் அந்தப் பக்கம் போனதும் பெரியவரின் சம்சாரம் வந்தாள். தொண்டை கிழிய அழுதவள், என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தம்பி, எம்மவ உலகம்மா சூரத்துல இருக்கா. போன் போட்டுச் சொல்லிட்டேன். கெளம்பிட்டா. அவ வாறவரைக்கும் தாங்குமாய்யா?"

"ஒங்க மகன் யாரும் வரலைன்னு சொல்லுதாரே ஆச்சி?"

"அவ வேத்து ஆளக் கெட்டிக்கிட்டுப் போனவ. ஏழு வருசமாச்சு. இவுக அவ மொகத்துல முழிக்கவே இல்ல. மொகத்தப் பாத்து வாய்க்கரிசி போடணும்னு அழுவுதா. தாங்குமா?"

வெயில் வந்தால் தாங்கும் என்றேன். தொழில் சம்பந்தமான கேள்வி, தொழில் சம்பந்தமான பதில். வந்த இடத்தில் எல்லாம் இந்தக் கதைதானா என்று எரிச்சலாக இருந்தது. தமிழ்நாட்டில் வேறு விதமாகப் பெண்பிள்ளைகளே கிடையாதா?

டிசம்பர் 13, வெள்ளி

மழை விட்டுவிட்டது. வெயில் இல்லை. வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருக்கிறது. வண்டிக்குள் இன்வெர்ட்டரில் மூன்று விளக்கு உண்டு. பச்சை என்றால் பேட்டரி நிறைய இருக்கிறது. மஞ்சள் என்றால் பாதி. சிவப்பு எரிந்தால் பெட்டி அணையப் போகிறது என்று அர்த்தம். காலையிலேயே மஞ்சள்.

ஒரு ராத்திரிக்குள் எப்படி இவ்வளவு இறங்கியது என்று வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால், பின்கதவு வழியாக எவனோ ஒரு பிளக் பலகையைச் சொருகியிருக்கிறான். அதில் ஒரு போன், அதன் வாலில் இன்னொரு பலகை, அதில் வரிசையாகப் போன்கள். கரண்ட் இல்லாத ஊர் முழுக்க என் வண்டியில் சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு ஒரு டேபிள் ஃபேன் வேறு ஓடுகிறது. மார்கழிக் குளிர் வரப்போகிற நேரத்தில் ஃபேன்!

டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. நோட்டு வண்டிக்குள்தான் கிடந்தது. ஆனால் அதை எடுக்கப் போகிற நேரத்தில் கத்தி முடித்துவிட்டேன். "பொணத்துக்கு வச்ச கரண்டுலயாவே ரீல்ஸ் பாக்கியோ? வெக்கமா இல்ல?" எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். ஒருவர், தான் செத்தவருக்கு மாப்பிள்ளை முறை என்றார். எனக்கு என்ன முறை?

ஒரே ஒரு பட்டன் போனை மட்டும் பிடுங்கவில்லை. அது பெரியவர் சம்சாரத்தின் போன். சூரத்து மகள் வழியில் எங்கே இருக்கிறாள் என்று அதில்தான் கூப்பிடுவாளாம். அதற்கு எவ்வளவு கரண்ட் ஆகிவிடும், கடுகளவு. கணக்கில் சேராது.

மத்தியானம் திருமலைக்குமார் ஒரு தம்ளர் காப்பியோடு வந்தான். சாவு வீட்டில் ஐஸ்பெட்டிக்காரனுக்கு யாரும் காப்பி கொண்டு வர மாட்டார்கள். அப்போதே புரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. பேட்டரி போயிட்டு, இனி தாங்காதுன்னு பந்தல்ல வந்து ஒரு வார்த்த சொல்லிருங்க. நாங்க எடுத்திருதோம். எங்கம்மாவும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"பேட்டரி போகலையே."

"போச்சுன்னு சொல்லுங்கன்னுதான் கேக்கேன். அவ வந்து நின்னா சொந்தக்காரன் ஒருத்தன் பந்தல்ல இருக்க மாட்டான். ஒங்களுக்குத் தெரியாததா? ஒங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு கேள்விப்பட்டேன். அந்த வலி தெரிஞ்ச ஆள்னுதான் ஒங்ககிட்ட கேக்கேன்."

நான் பார்ப்போம் என்று சொன்னேன். காப்பியைக் குடித்தேன். இங்கே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்: அவன் கேட்டதில் எனக்குத் தப்பாக எதுவும் தோன்றவில்லை. பெற்றவன் பார்க்க மாட்டேன் என்று போய்ச் சேர்ந்துவிட்டான். செத்த பிறகு அவனைக் கேட்காமல் காட்டுவது என்ன நியாயம்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்குப் போகலாம்.

சொல்லுவதற்காகத்தான் பந்தலுக்குப் போனேன். அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள் பக்கத்து ஆளிடம் சொல்கிறான். "இந்தச் சோலார் எல்லாம் ஏமாத்து வேலைலா. வெயிலக் காட்டி கரண்ட் எடுக்கானாம். நாளைக்கு நிலாவக் காட்டி எடுப்பான்."

வந்த கோபத்தில் எனக்குக் காதே அடைத்துவிட்டது. என் பேட்டரியை ஒருத்தன் குறை சொல்ல விடுவேனா? "நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் ஓடும். எழுதி வச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திருமலைக்குமார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

சொன்னதற்குக் காரணம் பேட்டரிதான். வேறு எதுவும் இல்லை.

டிசம்பர் 14, சனி

வெயில் வந்தது! சூரியன் வேப்பமரத்துக்கு மேலே ஏறியபோது எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. இனிப் பேட்டரி தானாக ஏறும் என்று நிம்மதியாக வாய்க்காலுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் சிவப்பு விளக்கு.

அடித்த வெயிலுக்கு மஞ்சளாவது காட்ட வேண்டும். வயரைப் பார்த்தேன். ஃபியூஸைப் பார்த்தேன். சோலார் விற்றவனை அவன் பரம்பரையோடு திட்டினேன். கடைசியில்தான் அண்ணாந்து பார்த்தேன். வண்டியின் கூரை முழுக்க மாலை. சம்பங்கி மாலை, ரோஜா மாலை, ரைஸ்மில் சங்கத்து மாலை, கட்சிக்காரர்கள் போட்ட ஆளுயர மாலை. வந்தவர்கள் எல்லாம் பெட்டிக் கண்ணாடியின் மேல் மாலையைப் போட, முகம் மறைகிறது என்று யாரோ எடுத்திருக்கிறார்கள். கீழே சேறு. பெரியவரின் மாலையைச் சேற்றில் போட முடியுமா? வண்டியின் மேலே கறுப்பாகக் கண்ணாடிப் பலகை இரண்டு சும்மா கிடக்கிறதே என்று அங்கே அடுக்கிவிட்டார்கள். பல்லக்கு மாதிரி அலங்காரம் செய்து வைத்திருக்கிறார்கள். சோலார் தகட்டில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே முக்கால் கரண்ட் போய்விடும். இது முழுவதும் பூ.

"யாருலே மேல மால போட்டது? எடுங்கலே!"

ஒருத்தரும் அசையவில்லை. பிணத்துக்குப் போட்ட மாலையைப் பிணம் போகும்போதுதான் எடுக்க வேண்டுமாம். முன்னால் எடுத்தவன் வீட்டுக்கு ஆகாதாம். திருமலைக்குமார் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றான். காலையிலிருந்து அந்த மாலைகளை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அடுக்கியது அவன் இல்லை. ஆனால் எதற்கு அடுக்கக்கூடாது என்று தெரிந்த ஆள் அந்தப் பந்தலில் என்னைத் தவிர அவன் ஒருத்தன்தான். முதல் நாளே அத்தனையும் விவரமாக அவனிடம் சொல்லியிருந்தேன்.

நான் ஏறினேன். இந்த வயதில், இந்தப் பிரஷரோடு, ஏணி கூட இல்லாமல், டயரில் கால் வைத்து ஏறினேன். அள்ளி அள்ளிக் கீழே வீசினேன். "ஏய், ஏய்" என்று கூச்சல். வெற்றிலைக்காரர் என் தலைமுறைக்கே சாபம் கொடுத்தார். "என் வீட்டுக்கு ஆவாததெல்லாம் ஏற்கனவே ஆயாச்சு வே, நீரு சும்மா கெடையும்" என்று மேலே நின்றபடி கத்தினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மாலை கனமாக இருந்தது, மூச்சு வாங்கியது, அதனால் இருக்கும்.

பூவை எடுத்தும் போதவில்லை. சூரியன் நகர்ந்து, பந்தலின் நிழல் பாதி வண்டியில் விழுந்துவிட்டது. சேற்றில் வண்டி கிளம்பாது, தள்ளத்தான் வேண்டும். தனி ஆளாகத் தோளைக் கொடுத்தேன். ஒரு சாண் கூட நகரவில்லை. பெட்டியின் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். போன வருஷம் கேட்டேன்.

அப்போது பெரியவரின் சம்சாரம் பந்தலை விட்டு வெளியே வந்தாள். புருஷன் கிடக்கும்போது பெண்டாட்டி அந்த இடத்தை விட்டு எழுந்து வரக்கூடாது. வந்தாள். சேற்றில் இறங்கி என் பக்கத்தில் நின்று வண்டியில் கையை வைத்தாள்.

"ஆச்சி, நீங்க போங்க."

"தள்ளுய்யா" என்றாள்.

அவள் கை வைத்ததைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பெண்ணாக எழுந்து வந்தார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் ஆண்களுக்கு வெட்கம் வந்தது. வண்டி நகர்ந்து வெயிலுக்குப் போனது. சாயங்காலம் வரை நிழல் வரவர மூன்று தடவை தள்ளினோம். திருமலைக்குமார் மட்டும் தூணை விடவில்லை.

ஒருவழியாக விளக்கு மஞ்சளுக்கு வந்தது. பட்டன் போன் அடித்தது. மகள் மதுரை வந்துவிட்டாளாம். தென்காசி ரோட்டில் தண்ணீர் போகிறது, காலையில்தான் பஸ் விடுவார்களாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

மெயின்ரோட்டில் இறங்கி நடந்தே வந்தாள். முழங்கால் வரை சேறு. கூட வந்தவன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். அவனும் ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்தான். யாரும் அவனுக்கு ஒரு நாற்காலி போடவில்லை. நானும் போடவில்லை. போட்டிருக்கலாம்.

திருமலைக்குமார் சொன்னது போலவே பந்தலில் பாதிப்பேர் எழுந்து போனார்கள். வெற்றிலைக்காரர் முதலில். போகட்டும், காற்றாவது வரும்.

உலகம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அழவில்லை. கண்ணாடியில் பனி படிந்து முகம் தெரியவில்லை. "தொடச்சு விடுங்கண்ணே" என்றாள். துடைத்தேன்.

"எப்பா, நான் வந்திருக்கேன்" என்றாள். கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பவள் போல நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் அடிச்சேன்ணே. என் நம்பரப் பாத்துட்டு எடுக்க மாட்டாவ. எடுக்கவே இல்ல. இப்பம் மட்டும் எனக்காக மூணு நாளா காத்துக் கெடக்காவளாக்கும்?"

அவர் எங்கே காத்திருந்தார்? காத்திருந்தது என் பேட்டரி.

மூடியைத் திறந்தேன். வாய்க்கரிசி போட்டாள். அரிசி உதட்டிலேயே நின்றது. பெரியவர் முகம் நன்றாக இருந்தது, தூங்குகிறவர் மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த ஆளுக்காகக் கூரையில் ஏறியிருக்கிறேன், சேற்றில் வண்டி தள்ளியிருக்கிறேன், வெயிலைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்? எழுந்திருந்து பேசேன்யா! கண்ணாடியை ஓங்கி அடிக்கலாம் போலிருந்தது. என் கண்ணாடிதான், அதனால் அடிக்கவில்லை.

எடுத்துப் போன பிறகு பெட்டியைக் கழுவி ஏற்றினேன். ஆச்சி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

நேற்று வீடு வந்ததும் எழுதியிருக்க வேண்டியது. முடியவில்லை.

வாசலில் நிற்க வைத்துக் கோமதி தலையில் தண்ணீர் ஊற்றினாள். "என்ன, மொகமே சரியில்ல? யார்ட்டயும் சண்டையா?" என்றாள். இல்லை என்றேன். வேட்டி மாற்றினேன். சாப்பிட உட்கார்ந்தேன்.

"செண்பகா நம்பரைப் போடு" என்றேன்.

கோமதி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"காது கேக்கலையா? எங்கிட்ட நம்பர் கெடையாது. என் போன்ல போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே ஒரு தடவைதான் மணி அடித்தது.

"நான்தான்" என்றேன்.

ஒரேயடியாக அலறினாள்.

"எப்பா, அம்மாவுக்கு என்ன? எப்பம் போச்சு? பெட்டில வச்சிருக்கியளா? எப்பா, எடுத்திராதீங்கப்பா, இப்பமே கெளம்புதேன். நான் வாறவரைக்கும் வச்சிருப்பியளா? சொல்லுங்கப்பா, வச்சிருப்பியளா?"

"ஏட்டி, யாரும் சாவல. சும்மாதான் கூப்பிட்டேன்."

நம்பவில்லை. நான் எதற்காகச் சும்மா கூப்பிடப் போகிறேன் என்று கேட்டாள். பொய் சொல்கிறேனாம், வழியில் அவள் பதறக்கூடாது என்று மறைக்கிறேனாம். "அம்மாட்ட குடுங்க, அம்மா கொரலக் கேக்கணும்" என்று கத்தினாள். பெற்ற தகப்பன் சொல்வதை நம்பாத பிள்ளை. கோபம்தான் வந்தது. போனைக் கோமதியிடம் கொடுத்துவிட்டு, அவள் பேசி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன்.